உடைத்துப் பார்க்க ஒரு ஸ்விட்ச்

2002 நவம்பர் 13ஆம் தேதி, அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையின் கணினி வலையமைப்பு திணறத் தொடங்கியது. மின்னஞ்சல் நகரவில்லை. ஆய்வக முடிவுகள் திரைக்கு வரவில்லை. சற்று நேரம் சரியாவதும் மறுபடி விழுவதுமாக இழுத்துக்கொண்டே போனது. கடைசியில் கணினியை மறந்துவிட்டுக் காகிதத்துக்குத் திரும்பும்படி நிர்வாகம் சொல்லிவிட்டது. பரிசோதனை முடிவுகளை ஆட்கள் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். நிலைமை சீராக நான்கு நாள் ஆனது. தகவல் தொழில்நுட்பத் தலைவராக இருந்த ஜான் ஹலம்கா நடந்ததை மூடி மறைக்காமல் வெளிப்படையாகப் பேசினார். நெட்வொர்க் படிப்பவர்கள் இன்றும் அந்த நான்கு நாளைப் பாடமாகப் படிக்க முடிவது அதனால்தான்.

வைரஸ் ஏதும் புகவில்லை. கருவி எதுவும் எரிந்துபோகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டுப்போட்டு வளர்த்த வலையமைப்பு அது. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகும் தகவல் கடக்கவேண்டிய ஸ்விட்சுகளின் எண்ணிக்கை, அவற்றை இசைவாக வைத்திருக்கும் நெறிமுறை கணக்கில் கொண்ட ஏழு என்ற வரம்பைத் தாண்டியிருந்தது. பாரம் கூடிய ஒரு நாளில் ஸ்விட்சுகளுக்குள் இசைவு குலைந்தது. தகவல் வட்டமடிக்க ஆரம்பித்தது.

இப்படியொன்றைச் சமாளிக்கத் தெரிந்த ஆள் எங்கே உருவாவார்? ஓடிக்கொண்டிருக்கும் மருத்துவமனையிலோ வங்கியிலோ வலையமைப்பைக் கெடுத்துப் பார்த்துக் கற்றுக்கொள்ள எவரும் விடமாட்டார்கள். பல அலுவலகங்களில் ஸ்விட்ச் என்பது ஒருமுறை அமைத்துப் பூட்டிவிட்டால் ஆண்டுக்கணக்கில் யாரும் கைவைக்காத பெட்டி. புதிதாகச் சேர்ந்தவருக்கு அதன் கடவுச்சொல்கூடக் கிடைக்காது. ஆகவே இந்தத் தொழிலில் கைதேர்ந்த பலர் வீட்டிலேயே இரண்டு மூன்று பழைய ஸ்விட்சுகளை வாங்கிப்போட்டுப் பழகியவர்கள். ஹோம் லேப் என்று அவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒரு மேசை, நாலைந்து கேபிள், இரண்டு லேப்டாப்.

சுவரில் விளக்கு போடும் பொத்தானுக்கும் இந்த ஸ்விட்சுக்கும் சம்பந்தமில்லை. அலுவலகத்தின் கணினி, பிரிண்டர், ஐ.பி. தொலைபேசி, கேமரா, வைஃபை பெட்டி என எல்லாவற்றின் கேபிளும் வந்து சேரும் தட்டையான உலோகப் பெட்டிக்கு ஸ்விட்ச் என்று பெயர். முகப்பில் 24 அல்லது 48 போர்ட்டுகள் இருக்கும். வீட்டு ரவுட்டரின் பின்புறமுள்ள நான்கு துளைகளும் ஒரு குட்டி ஸ்விட்ச்தான். ஆனால் நிறுவனங்கள் வாங்கும் ஸ்விட்சுக்கு நாம் கட்டளை இடலாம். வேடிக்கை என்னவென்றால், ஒரு கட்டளையும் இடாமல் மின்சாரம் மட்டும் கொடுத்தாலே அது வேலை செய்யும். எல்லோரையும் எல்லோருடனும் பேசவிடும். அப்படியானால் நிர்வாகிக்கு என்ன வேலை? அதைக் கட்டுப்படுத்துவது. இந்தத் தகவல் அந்தப் பக்கம் போகக்கூடாது, இந்தப் போர்ட்டில் இந்த ஒரு கருவிக்கு மட்டுமே இடம், இந்தப் பாதையை இப்போதைக்கு மூடிவை என்று சொல்லிக்கொண்டே இருப்பதுதான் வேலை. ஒழுங்காக ஓடும் பெட்டியை எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருந்தாலும் இது பிடிபடாது.

1973இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் மெட்காஃப் ஈதர்நெட்டை முன்மொழிந்தபோது ஸ்விட்ச் கிடையாது. எல்லாக் கணினிகளும் ஒரே கேபிளில் தொங்கின. இரண்டு கணினிகள் ஒரே நேரத்தில் பேசினால் மோதல், பிறகு மறுமுயற்சி. கணினிகள் பெருகப் பெருக மோதலும் பெருகியது. 1990இல் கல்பனா என்ற அமெரிக்க நிறுவனம் ஏழு போர்ட் கொண்ட ஈதர்ஸ்விட்சைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. நிறுவனர்களில் ஒருவரான வினோத் பரத்வாஜ் தம் மனைவியின் பெயரையே நிறுவனத்துக்கு வைத்திருந்தார். சிஸ்கோ 1993இல் கிரெசெண்டோ நிறுவனத்தையும் அடுத்த ஆண்டு கல்பனாவையும் வாங்கியது. கேட்டலிஸ்ட் என்ற பெயரில் சிஸ்கோ விற்ற ஸ்விட்ச் வரிசை இந்த இரண்டின் வழி வந்தது. இன்று பழைய சாமான் கடைகளில் வீட்டு ஆய்வகத்துக்கென்று தேடுபவர் கையில் முதலில் சிக்குவதும் பெரும்பாலும் ஒரு கேட்டலிஸ்ட்தான்.

அதனோடு பேசக் கன்சோல் கேபிள் வேண்டும். பெரும்பாலும் வெளிர்நீல நிறத்தில் இருக்கும். ஒரு முனை ஸ்விட்சின் பின்புறத்துக்கு, மறுமுனை யு.எஸ்.பி. மாற்றி வழியாக லேப்டாப்புக்கு. புட்டி போன்ற ஒரு செயலியில் வேகத்தை 9600 என்று வைத்துத் திறந்தால் கருப்புத் திரையில் எழுத்துகள் ஓடும். தட்டச்சு செய்தால்தான் எதுவும் நடக்கும், சுட்டிக்கு வேலை இல்லை. பலர் இங்கேயே மிரண்டுவிடுகிறார்கள். கேள்விக்குறியை மட்டும் தட்டிப் பாருங்கள். இந்த இடத்தில் என்னென்ன கட்டளைகள் செல்லும் என்று பெட்டியே பட்டியல் கொடுக்கும். பாதிச் சொல்லை அடித்துக் கேள்விக்குறி போட்டால் மீதியையும் சொல்லும். நூறு கட்டளைகளை மனப்பாடம் செய்து தேர்வு எழுதுபவரைவிட இந்த ஒரு விசையைப் பயன்படுத்தத் தெரிந்தவர் வேலையில் முந்திவிடுவார் என்பது என் எண்ணம்.

முதலில் பார்க்கவேண்டியது 'ஷோ மேக் அட்ரஸ்-டேபிள்' என்ற கட்டளை காட்டும் அட்டவணை. ஒவ்வொரு நெட்வொர்க் கார்டுக்கும் தயாரிக்கும்போதே 48 பிட் நீளமுள்ள மேக் முகவரி ஒன்று கொடுக்கப்படுகிறது. கணினி அனுப்பும் தகவல் ஃபிரேம் என்னும் பொட்டலமாக வரும். அதில் அனுப்புநர், பெறுநர் இருவரின் மேக் முகவரியும் இருக்கும். ஸ்விட்ச் இதைப் படிக்கும் விதம் அழகானது. ஊருக்குப் புதிதாக வந்த தபால்காரர், கடிதம் போட வருகிறவர்களின் அனுப்புநர் முகவரியைக் கவனித்தே எந்தத் தெருவில் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்வதைப் போல, எந்தப் போர்ட் வழியாக யாருடைய ஃபிரேம் உள்ளே வந்தது என்பதை அது குறித்துக்கொள்கிறது. பெறுநர் யாரென்று தெரியாவிட்டால், வந்த போர்ட்டைத் தவிர மற்ற எல்லாப் போர்ட்டுகளுக்கும் பிரதி அனுப்பிவிடும். பதில் வரும்போது அந்த முகவரியும் குறிப்பில் ஏறிவிடும். ஐந்து நிமிடம், அதாவது 300 நொடி, ஒருவரிடமிருந்து சத்தமே இல்லையென்றால் அவர் பெயரை அழித்துவிடும்.

இதைப் படிப்பது வேறு, பார்ப்பது வேறு. ஒரு லேப்டாப்பின் கேபிளை 3ஆம் போர்ட்டிலிருந்து பிடுங்கி 7இல் செருகுங்கள். அட்டவணையை மறுபடி கேளுங்கள். முகவரி இடம் மாறியிருக்கும். இன்னொரு லேப்டாப்பில் வயர்ஷார்க் செயலியைத் திறந்தால் அதற்கு வரும் ஃபிரேம்களும் எல்லோருக்குமான அறிவிப்புகளும் மட்டுமே தெரியும், அடுத்தவர் உரையாடல் தெரியாது. பழைய ஒற்றைக் கேபிள் காலத்தில் எல்லாமே தெரிந்திருக்கும். இனிக் குறும்பு செய்யலாம். கேட்டலிஸ்ட் 2960இன் அட்டவணை சுமார் 8,000 முகவரிகளைத்தான் கொள்ளும். மேக்ஆஃப் என்றொரு பழைய கருவி பொய் முகவரிகளை மழையாகப் பொழிந்து அந்த அட்டவணையை நிரப்பிவிடும். நிரம்பியதும் புதியவர்களைக் குறித்துக்கொள்ள இடமில்லாமல் ஸ்விட்ச் எல்லாவற்றையும் எல்லாப் பக்கமும் வீச ஆரம்பிக்கும், பக்கத்து லேப்டாப்பின் வயர்ஷார்க்கில் அடுத்தவர் பேச்சு ஓடத் தொடங்கும். ஒரு போர்ட்டில் இத்தனை முகவரிதான் என்று வரம்பிடும் 'போர்ட் செக்யூரிட்டி' என்ற வசதி எதற்காக இருக்கிறது என்பது இதைப் பார்த்த பிறகு யாருக்கும் விளக்கத் தேவையில்லை. உங்களுடைய சொந்தப் பெட்டியில் செய்தால் இது பாடம். அலுவலகத்தில் செய்தால் வேலை போகும், வழக்கும் வரலாம்.

அடுத்தது வி-லேன். ஒரே பெட்டியைப் பல பெட்டிகளாகப் பிரித்துக் காட்டும் வித்தை. 10ஆம் வி-லேனில் கணக்குப் பிரிவு, 20இல் கேமராக்கள் என்று ஒதுக்கிவிட்டால், அருகருகே உள்ள போர்ட்டுகளில் இருந்தாலும் ஒன்றின் குரல் மற்றொன்றுக்குக் கேட்காது. இரண்டு ஸ்விட்சுகளை இணைக்கும் கேபிளில் எல்லா வி-லேன்களும் சேர்ந்து போகவேண்டும், அதற்கு டிரங்க் என்று பெயர். எந்த ஃபிரேம் எந்தப் பிரிவைச் சேர்ந்தது என்று அறிய, டிரங்கில் ஏறும்போது பொதுவாக ஒவ்வொன்றிலும் 4 பைட் அடையாளச் சீட்டு ஒன்று சொருகப்படுகிறது. 1998இல் வெளியான 802.1கியூ தரநிலை வகுத்த முறை இது. சீட்டில் வி-லேன் எண்ணுக்கு 12 பிட் இடம். அதனால் 4,096 எண்கள். முதலும் கடைசியும் ஒதுக்கப்பட்டவை என்பதால் பயன்பாட்டுக்கு 4,094.

அந்த டிரங்கில்தான் நிறுவன உலகின் பிரசித்தி பெற்ற கண்ணிவெடி இருக்கிறது. ஏற்கெனவே 10, 20 ஆகிய வி-லேன்கள் ஓடும் டிரங்கில் 30ஐயும் சேர்க்கவேண்டும். 'ஸ்விட்ச்போர்ட் டிரங்க் அலவ்டு விலேன் ஆட் 30' என்று அடிக்கவேண்டும். 'ஆட்' என்ற சின்னச் சொல்லை விட்டுவிட்டால், 30ஐச் சேர் என்பதற்குப் பதிலாக 30 மட்டுமே போதும் என்று ஸ்விட்ச் எடுத்துக்கொள்ளும். 10உம் 20உம் அந்த நொடியே அறுந்துவிடும். எச்சரிக்கை கிடையாது, 'நிச்சயமா?' என்ற கேள்வி கிடையாது. நிர்வாகி தொலைவிலிருந்து அந்த 10 வழியாகவே உள்ளே வந்திருந்தால், நுனிக்கிளையில் உட்கார்ந்து அடிக்கிளையை வெட்டிய கதைதான். திரை உறைந்து நிற்கும். இனி யாராவது நேரில் போய்க் கன்சோல் கேபிளைச் செருகவேண்டும். அந்த ஸ்விட்ச் வேறு ஊரில் இருந்தால் இரவுப் பயணம்.

வீட்டில் இதை வேண்டுமென்றே செய்யுங்கள். ஒரு லேப்டாப்பிலிருந்து நெட்வொர்க் வழியாக இரண்டாவது ஸ்விட்சுக்குள் போய், 'ஆட்' இல்லாமல் அடித்து, திரை உறைவதைப் பாருங்கள். பிறகு அதே பிழையை இன்னொரு முறை செய்யுங்கள், ஆனால் முதலில் 'ரீலோட் இன் 10' என்று அடித்துவிட்டு. பத்து நிமிடத்தில் தானாக அணைந்து எழும்படி ஸ்விட்சுக்கு இடும் கட்டளை அது. நாம் செய்யும் மாற்றங்கள் தற்காலிக நினைவில்தான் இருக்கின்றன. சேமிக்கும்வரை அவை 'ரன்னிங் கான்ஃபிக்' மட்டுமே. எழுந்துவரும் ஸ்விட்ச் சேமித்துவைத்த 'ஸ்டார்ட்அப் கான்ஃபிக்'கைப் படிக்கும், பழைய நிலை திரும்பிவிடும். மாற்றம் சரியாக அமைந்துவிட்டால் 'ரீலோட் கேன்சல்' அடித்துவிட்டுச் சேமித்துக்கொள்ளலாம். ஜூனிப்பர் நிறுவனத்தின் கருவிகளில் இது இன்னும் நயமாக இருக்கிறது. 'கமிட் கன்ஃபர்ம்டு' என்று அடித்தால், பத்து நிமிடத்துக்குள் மறுபடி உறுதி செய்யாத மாற்றம் தானே பின்வாங்கிக்கொள்ளும், அணைத்து எழுப்பவேண்டியதில்லை. இந்த விஷயத்தில் சிஸ்கோவின் வழி முரட்டுத்தனமானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் முரட்டு வழி கற்பவருக்கு நல்லது. தற்காலிக நினைவு எது, நிரந்தர நினைவு எது என்பதை அது மண்டையில் ஏற்றிவிடும். மின்வெட்டும் அதே பாடத்தைச் சொல்லிக்கொடுக்கும், கட்டணமில்லாமல்.

கிளையை வெட்டுவதில் பெரியவர்களும் விதிவிலக்கல்ல. 2021 அக்டோபர் 4ஆம் தேதி ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஏறக்குறைய ஆறு மணி நேரம் உலகத்திலிருந்து காணாமல் போயின. வழக்கமான பராமரிப்பின்போது இடப்பட்ட ஒரு கட்டளை, அந்நிறுவனத்தின் தரவு மையங்களை இணைக்கும் முதுகெலும்பு வலையையே துண்டித்துவிட்டது. ஆபத்தான கட்டளைகளைத் தடுக்கவேண்டிய சோதனைக் கருவியில் பிழை இருந்ததால் அது தடுக்கவில்லை. அவசரத்துக்கென்று இருந்த மாற்றுப் பாதையும் வேலை செய்யவில்லை. பொறியாளர்கள் தரவு மையங்களுக்கு நேரில் போகவேண்டியிருந்தது. அங்கே அவர்களுடைய சொந்தப் பாதுகாப்பு ஏற்பாடுகளே அவர்களைத் தாமதப்படுத்தின.

இனி பாஸ்டனில் நடந்ததற்கு வருவோம். இரண்டு ஸ்விட்சுகளுக்கு இடையே ஒரு கேபிள் இருந்தால், அது அறுந்தால் எல்லாம் போச்சு. எனவே இரண்டு கேபிள் போடுவது புத்திசாலித்தனம் என்று தோன்றும். ஆனால் இரண்டு கேபிள் போட்டதும் ஒரு வளையம் உண்டாகிவிடுகிறது. எல்லோருக்குமான அறிவிப்பு ஃபிரேம் ஒன்று முதல் ஸ்விட்சிலிருந்து இரண்டு கேபிள்கள் வழியாகவும் இரண்டாவதற்குப் போகும். அது ஒவ்வொன்றையும் மற்றக் கேபிள் வழியே திருப்பி அனுப்பும். முதலாவது மறுபடி அனுப்பும். இணையத்தின் ஐ.பி. பொட்டலங்களில் ஆயுள் எண் ஒன்று உண்டு, ஒவ்வொரு ரவுட்டரைக் கடக்கும்போதும் ஒன்று குறைந்து பூஜ்யமானதும் பொட்டலம் செத்துவிடும். ஈதர்நெட் ஃபிரேமில் அப்படி எதுவும் இல்லை. சாவே இல்லாமல் சுற்றும். மிகச் சிறிய ஃபிரேமின் அளவு 64 பைட். ஒரு கிகாபிட் இணைப்பில் ஒரு நொடியில் அப்படிப்பட்டவை 14,88,095 வரை போகமுடியும். ஒரே ஒரு அறிவிப்பு சுற்றிச் சுற்றிப் பெருகி அந்த இடம் முழுவதையும் அடைத்துக்கொள்ளும், உண்மையான தகவலுக்கு வழி இருக்காது.

டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் இருந்த ரேடியா பெர்ல்மன் இதற்கு வழி கண்டார். 1985இல் வெளியான அவருடைய கட்டுரை ஸ்பானிங் ட்ரீ முறையை விளக்குகிறது. பாஸ்டனில் குலைந்த நெறிமுறை இதுதான். அந்தக் கட்டுரையின் சுருக்கத்தையே அவர் ஒரு குறும்புக் கவிதையாக எழுதியிருந்தார், அல்கோரைம் என்பது அதன் தலைப்பு. முறை இதுதான். ஸ்விட்சுகள் இரண்டு நொடிக்கு ஒருமுறை தங்களுக்குள் சிறு செய்தி அனுப்பிக்கொண்டு ஒரு தலைவனைத் தேர்ந்தெடுக்கும். அதற்கு ரூட் என்று பெயர். பிறகு ஒவ்வொரு ஸ்விட்சும் ரூட்டை எட்ட மிகக் குறைந்த செலவுள்ள ஒரு பாதையை வைத்துக்கொண்டு, வளையம் உண்டாக்கும் மிச்ச வழிகளை மூடிவைக்கும். கேபிள் அங்கேயே இருக்கும், விளக்கும் எரியும், தகவல் மட்டும் போகாது. திறந்த பாதை அறுந்தால் மூடியது திறக்கும். மையத்தில் இருந்துகொண்டு யாரும் கட்டளையிடுவதில்லை. பெட்டிகள் எல்லாம் தத்தம் பக்கத்துப் பெட்டி சொல்வதை மட்டும் கேட்டுக்கொண்டே மொத்த ஊருக்கும் வளையமில்லாத வரைபடம் ஒன்றை உண்டாக்கிவிடுகின்றன. நெட்வொர்க் துறையில் இதற்கு இணையான அழகுள்ள யோசனைகள் குறைவு.

தலைவன் தேர்தல்தான் வீட்டு ஆய்வகத்தின் சிறந்த நகைச்சுவை. ஒவ்வொரு ஸ்விட்சுக்கும் முன்னுரிமை எண் உண்டு. யாரும் மாற்றாவிட்டால் எல்லாவற்றுக்கும் 32,768. சமமாக இருந்தால் மேக் முகவரி சிறியதாக உள்ளது வெல்லும். ஒரே தயாரிப்பாளரின் பெட்டிகளில் சிறிய முகவரி பெரும்பாலும் முன்பே தயாரான பெட்டியுடையது. ஆகவே கடையில் தூசி தட்டி வாங்கிவந்த கிழட்டுப் பெட்டி, அதைவிடப் பல மடங்கு வேகமானவற்றை ஒதுக்கிவிட்டுத் தானே தலைவனாகிவிடும். ஓர் அலுவலகத்தின் மூலையில் மறந்துபோன பழைய ஸ்விட்ச் மொத்தக் கட்டடத்தின் போக்குவரத்தையும் தன் வழியாக இழுத்துக்கொண்டிருக்கும், எவருக்கும் தெரியாது. 'ஷோ ஸ்பானிங்-ட்ரீ' அடித்தால் யார் ரூட் என்று முதல் வரிகளிலேயே தெரியும். புதிய அலுவலகத்தில் நுழையும் எவரும் முதலில் கேட்கவேண்டிய கேள்வி இது என்பேன்.

வளையத்தையும் உண்டாக்கிப் பார்த்துவிட வேண்டும். வீட்டு ரவுட்டரோடு இணைந்த கேபிளை முதலில் பிடுங்கிவிடுங்கள். இல்லையென்றால் தொடர் பார்த்துக்கொண்டிருப்பவர்களிடம் நீங்கள்தான் பதில் சொல்லவேண்டும். இரண்டு ஸ்விட்சுகள், இரண்டு கேபிள். 'நோ ஸ்பானிங்-ட்ரீ விலேன் 1' என்று இரண்டிலும் அடியுங்கள். லேப்டாப்பிலிருந்து இல்லாத ஒரு முகவரிக்கு பிங் என்னும் சோதனைச் செய்தி அனுப்பினால் போதும், அந்த முகவரியைத் தேடும் அறிவிப்பு எல்லோருக்கும் கிளம்பிவிடும். ஆளுக்கொரு தாளத்தில் மினுக்கிக்கொண்டிருந்த பச்சை விளக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் வெறிபிடித்ததுபோல் துடிக்கும். கன்சோலில் ஒரே மேக் முகவரி இரண்டு போர்ட்டுகளுக்கிடையே தாவுவதாகச் செய்திகள் வந்து விழும். நீங்கள் அடிக்கும் எழுத்து திரையில் தோன்றத் தாமதமாகும். ஒரு கேபிளைப் பிடுங்குங்கள், அந்தக் கணமே அமைதி. அந்தத் துடிப்பை ஒருமுறை கண்ணால் பார்த்தவர், பிறகு எந்த அலுவலகத்தின் ஸ்விட்ச் அறைக்குள் நுழைந்தாலும் விளக்கைப் பார்த்தே சொல்லிவிடுவார். பாஸ்டனைப் போன்ற பெரிய விபத்துகள் அரிது. ஆனால் கூட்ட அறையில் தொங்கும் கேபிளின் இரு முனைகளையும் யாரோ சுவரில் செருகிவிடுவதும், ஐ.பி. தொலைபேசியின் இரண்டு துளைகளையும் சுவரோடு இணைத்துவிடுவதும் உலகம் முழுக்க நடப்பவை.

அசல் ஸ்பானிங் ட்ரீ முறைக்கு ஒரு குறை உண்டு: பொறுமை அதிகம். புதிய போர்ட் ஒன்று திறக்க, வளையம் இல்லை என்று உறுதி செய்ய 15 நொடி, முகவரிகளைக் கற்க 15 நொடி என்று அரை நிமிடம் எடுத்துக்கொள்ளும். தொலைவில் ஏதாவது அறுந்தால் 20 நொடி கூடுதலாகி 50 வரை போகும். 2001இல் வந்த விரைவு வடிவம் இதைப் பெரும்பாலும் ஒரு சில நொடிக்குள் முடித்துவிடுகிறது. இரண்டையும் மாற்றி மாற்றி வைத்து, பிங் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு கேபிளைப் பிடுங்கி எத்தனை பிங் தொலைகிறது என்று எண்ணிப் பார்த்தால் இந்த எண்கள் பிறகு மறக்கவே மறக்காது.

எங்கே வாங்குவது? சென்னையில் ரிச்சி தெரு, பெங்களூரில் எஸ்.பி. ரோடு, டெல்லியில் நேரு பிளேஸ். நிறுவனங்கள் கழித்துக்கட்டிய பெட்டிகள் இங்கெல்லாம் வந்து சேர்கின்றன. கேட்டலிஸ்ட் 2960 என்றால் மாடல் எண்ணின் கடைசி எழுத்தைப் பாருங்கள். 'எல்' என்று முடிந்தால் வசதிகள் கூடுதல், 'எஸ்' என்று முடிந்தால் குறைத்துக் கொடுத்தது. உள்ளே இருக்கும் மென்பொருள் கோப்பின் பெயரில் 'கே9' இருக்கிறதா என்று கடைக்காரரை இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். அது இல்லையென்றால் மறைகுறியாக்கம் இல்லை, எஸ்.எஸ்.எச். என்னும் பாதுகாப்பான இணைப்பு வழியாக உள்ளே போகமுடியாது. பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைக்கவேண்டாம். சிஸ்கோவின் மென்பொருளைச் சட்டப்படி இறக்கிக்கொள்ளப் பெரும்பாலும் பராமரிப்பு ஒப்பந்தம் தேவை. சத்தத்தையும் மறந்துவிடாதீர்கள். இந்தப் பெட்டிகளின் மின்விசிறி பூட்டிய அறைக்கென்று செய்யப்பட்டது, படுக்கையறைக்கு ஆகாது. எட்டு போர்ட் கொண்ட சிறிய மாடல்களில் மின்விசிறியே இல்லை. சிறிய வீடென்றால் அவையே உத்தமம். மின்சாரம் பெரிய கவலையில்லை. 30 வாட் இழுக்கும் பெட்டி இரவுபகலாக ஓடினாலும் மாதத்துக்கு 22 யூனிட்டுக்குள் முடியும். படிக்கும் நேரத்தில் மட்டும் போட்டால் கணக்கிலேயே வராது. ஆனால் ரேக் கட்டி, பத்துப் பெட்டி அடுக்கி, நீல விளக்கு எரியவிட்டுப் படம் எடுத்துப் போடும் மோகம் ஒன்று இருக்கிறது. அது வேறு பொழுதுபோக்கு. படிக்க இரண்டு போதும், மூன்று தாராளம்.

பழைய பெட்டியில் பழைய முதலாளியின் கடவுச்சொல் இருக்கும். கவலை வேண்டாம். முகப்பில் உள்ள 'மோட்' பொத்தானை அழுத்திப் பிடித்தபடி மின்சாரம் கொடுத்தால் ஸ்விட்ச் பாதியில் நிற்கும். 'ஃபிளாஷ்_இனிட்' என்று அடித்து, 'கான்ஃபிக்.டெக்ஸ்ட்' கோப்பின் பெயரை மாற்றிவிட்டு எழுப்பினால் கடவுச்சொல் கேட்காது. ஸ்விட்ச் அறைக்கு ஏன் பூட்டு போடுகிறார்கள் என்பது இப்போது புரியும். உள்ளே பார்த்தால் பழைய முதலாளியின் அமைப்பு முழுவதும் கிடக்கலாம். 2023இல் ஈசெட் பாதுகாப்பு நிறுவனம் பழைய ரவுட்டர்களை வாங்கிச் சோதித்தபோது பாதிக்கு மேற்பட்டவற்றில் முந்தைய நிறுவனங்களின் அமைப்பு விவரங்கள் அழிக்கப்படாமல் இருந்தன. படித்துப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொண்டு அழித்துவிடுவதே முறை. அழிப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஸ்டார்ட்அப் கான்ஃபிக்கை அழித்தாலும் வி-லேன் பட்டியல் போகாது. அது 'விலேன்.டாட்' என்ற தனிக் கோப்பில் இருக்கிறது. அந்தக் கோப்பை விட்டுவைத்து ஆளைச் சாய்த்த கதைகள் இத்துறையில் ஏராளம். வி.டி.பி. என்னும் வசதி, வி-லேன் பட்டியலை ஒரு ஸ்விட்சிலிருந்து மற்றவற்றுக்குத் தானே பரப்பும். யாருடைய பட்டியலின் திருத்த எண் பெரிதோ அது வெல்லும். ஆய்வகத்தில் பலமுறை திருத்தி எண்ணை ஏற்றிய ஸ்விட்சை, அதே வி.டி.பி. பெயரும் கடவுச்சொல்லும் கொண்ட அலுவலக வலையில் செருகினால், ஆய்வகப் பட்டியல் அலுவலகம் முழுவதும் பரவி அங்கிருந்த வி-லேன்களை அழித்துவிடும். பலர் அந்த வசதியையே அணைத்துவைப்பது இதனால்தான்.

பெட்டியே வாங்காமல் படிக்க முடியாதா? முடியும். சிஸ்கோவின் பாக்கெட் டிரேசர் இலவசம், சி.சி.என்.ஏ. சான்றிதழ்த் தேர்வு அளவுக்குப் போதுமானது. ஜி.என்.எஸ்.3, ஈவ்-என்.ஜி. போன்றவை உண்மையான மென்பொருளையே கணினிக்குள் ஓட்டுகின்றன. ஐம்பது ஸ்விட்சுகள் கொண்ட தரவு மையத்தை வீட்டு மேசையில் அடுக்க முடியாது, அங்கே இவற்றை விட்டால் வழியில்லை. 24 பிட் அடையாளத்தோடு ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட பிரிவுகளை அனுமதிக்கும் விஎக்ஸ்லேன் போன்றவற்றை இன்று படிப்பவர்கள் பெரும்பாலும் மென்பொருளில்தான் தொடங்குகிறார்கள். ஆனால் ஸ்விட்சின் நிஜமான வேலையைச் செய்வது ஏசிக் என்னும் தனிச் சில்லு. 2005இல் டைனமிப்ஸ் என்ற செயலி சிஸ்கோ ரவுட்டர்களைக் கணினிக்குள் கொண்டுவந்தபோதும் கேட்டலிஸ்ட் ஸ்விட்சுகள் வெளியே நின்றது இந்தச் சில்லைப் போலி செய்ய முடியாததால்தான்.

திரைக்குள் வராத இன்னொன்றும் இருக்கிறது: கெட்ட கேபிள். ஆர்.ஜே.45 முனையை நீங்களே கிரிம்ப் செய்யுங்கள். எட்டு வயர்களும் நான்கு ஜோடிகளாக முறுக்கப்பட்டிருக்கும். 3ஆம் 6ஆம் வயர்கள் ஒரே ஜோடியாக இருக்கவேண்டும் என்பது விதி. அதை மீறி 1-2, 3-4, 5-6, 7-8 என்று வரிசையாக ஜோடிகளை வைத்து இரு முனைகளையும் ஒரே மாதிரி முடியுங்கள். கடையில் கிடைக்கும் மலிவு டெஸ்டரில் செருகினால் எட்டு விளக்கும் ஒழுங்காக எரியும், கேபிள் நலம் என்று சொல்லும். இரண்டு ஸ்விட்சுகளுக்கிடையே நீளமாகப் போட்டு ஒரு பெரிய கோப்பை அனுப்பிவிட்டு 'ஷோ இன்டர்ஃபேஸ்' பாருங்கள். சிதைந்து வந்த ஃபிரேம்களைக் காட்டும் சி.ஆர்.சி. பிழை எண் ஏறிக்கொண்டிருக்கும். முறுக்கு தவறியதால் ஒரு ஜோடியின் சைகை அடுத்ததில் கசிகிறது, டெஸ்டர் மின்தொடர்ச்சியை மட்டுமே பார்த்தது. அந்தக் கேபிளைத் தூக்கி எறியவேண்டாம். ஒரு சிவப்பு டேப் சுற்றி எடுத்துவைத்தால், நாளைக்கு உங்களிடம் கற்றுக்கொள்ள வருபவர் கையில் டேப்பைப் பிய்த்துவிட்டுக் கொடுக்கலாம்.